இணையப் படிப்புக்கு முன் எட்டு மாலைகள்: திருமங்கலத்துத் தட்டச்சுப் பயிலகத்தின் முன்பயிற்சி வகுப்பு

திருமங்கலத்தில் உசிலம்பட்டி சாலையை ஒட்டிய மாடி ஒன்றில் பல ஆண்டுகளாக இயங்கிவரும் தட்டச்சுப் பயிலகம், இணையவழிப் படிப்பில் முதன்முறையாகச் சேர்பவர்களுக்காக எட்டு மாலைகள் கொண்ட முன்பயிற்சி வகுப்பு ஒன்றை நடத்துகிறது. கட்டணம் ரூ. 800. பாடத்தை இவர்கள் கற்பிப்பதில்லை. பாடம் எந்தத் தளத்தில் இருக்கிறது, வீடியோ எங்கே ஓடும், பயிற்சியை எதில் எழுதுவது, எழுதியதை எங்கே ஒப்படைப்பது, சந்தேகம் வந்தால் யாரிடம் எந்த இடத்தில் கேட்பது, அறிவிப்பு எந்த வழியாக வந்துசேரும் என்பவற்றை மட்டுமே கற்பிக்கிறார்கள். கடந்த ஜூன் மாதம் அந்த வகுப்பில் நான் அமர்ந்தேன். பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்க, ஜூலையில் தொடங்கிய பன்னிரண்டு வாரப் படிப்பில் இப்போது ஏழாவது வாரத்தில் இருக்கிறேன். ஆகவே அங்கே சொல்லிக்கொடுத்தவற்றில் எது கைகொடுத்தது, எது கைகொடுக்கவில்லை என்பதை இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது. ஒரு வகுப்புக்கு ஆறு பேருக்கு மேல் சேர்க்க இடமில்லை என்பதால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வெளியிட வேண்டாம் என்று பயிலகத்தார் கேட்டுக்கொண்டார்கள். அதன்படி அவற்றை இங்கே தரவில்லை.

நான் கணினிக்குப் புதியவள் அல்ல. மதுரையில் வாகன உதிரிபாகக் கடை ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக டேலியில் கணக்கு எழுதிவருகிறேன். ஜிஎஸ்டி படிவங்களை மாதந்தோறும் நானே பதிவேற்றுகிறேன். கல்லூரியில் கணிதம் படித்தவள் என்பதால் தரவுப் பகுப்பாய்வு கற்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக உண்டு. சென்ற ஆண்டு ஒரு தனியார் நிறுவனத்தின் ஆறு மாத இணையப் படிப்பில் பணம் கட்டிச் சேர்ந்து, ஐந்தாவது வாரத்தில் விட்டுவிட்டேன். பாடம் கடினமாக இருந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன். பின்னால் யோசித்துப் பார்த்தபோது, அந்த ஐந்து வாரங்களில் பாடத்துக்குள் நான் நுழையவே இல்லை என்பது புரிந்தது. நேரலை வகுப்பு சூமில் நடந்தது. அதன் பதிவு வேறொரு தளத்தில் ஏறியது. அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. சந்தேகங்களை டிஸ்கார்டு என்ற உரையாடல் செயலியில் கேட்க வேண்டும். உலாவியிலேயே நிரல் எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் கூகுள் கோலாபில் நிரலை எழுதி, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒப்படைத்து, வருகையைக் கூகுள் படிவம் ஒன்றில் பதிய வேண்டும். வரவேற்பு மின்னஞ்சலில் பதினோரு இணைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. இன்று எதைத் திறக்க வேண்டும், அடுத்த மாதம் எதைத் திறந்தால் போதும் என்று சொல்லும் வரி ஒன்றுகூட அதில் இல்லை.

அங்கே எனக்கு நேர்ந்த இரண்டு இடர்ப்பாடுகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த வகுப்பின் பயனை அவற்றை வைத்தே அளந்தேன். முதலாவது கோலாபில் நேர்ந்தது. பயிற்சிக்குரிய தரவுக் கோப்பை ஏற்றி, இரவு பதினொரு மணிவரை நிரல் எழுதிச் சரியான விடையையும் பார்த்துவிட்டுத் தூங்கினேன். மறுநாள் திறந்தபோது நிரல் இருந்தது, கோப்பைக் காணவில்லை. முந்தைய இரவு ஓடிய அதே நிரல் சிவப்பு எழுத்தில் பிழை காட்டியது. கோலாப் நமக்குத் தரும் கணினி தற்காலிகமானது என்பதும், சிறிது நேரம் வேலை நடக்காவிட்டால் அது திரும்பப் பெறப்பட்டுவிடும் என்பதும், அதில் நேரடியாக ஏற்றிய கோப்புகள் அதோடு போய்விடும் என்பதும், கோப்பைக் கூகுள் டிரைவில் வைத்து அங்கிருந்து எடுத்தால்தான் நிலைக்கும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. இரண்டாவது கிட்ஹப்பில் நேர்ந்தது. என் கணினியிலிருந்து வேலையை அனுப்ப முயன்றபோது கடவுச்சொல் தவறு என்று திரும்பத் திரும்ப வந்தது. நான் இட்ட கடவுச்சொல் சரியானதே. 2021 ஆகஸ்ட் 13 முதல் இவ்வாறு அனுப்புவதற்குக் கிட்ஹப் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை, அதற்கென்று டோக்கன் எனப்படும் தனி ரகசியக் குறியீடு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை இந்த ஆண்டுதான் அறிந்தேன். அன்று இரவு நான் என் நினைவாற்றலைச் சந்தேகித்தேன். இத்தகைய இரவுகள் நான்கைந்து சேர்ந்தால், நமக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடுவார்கள்.

பயிலகத்தின் முதல் மாலையில் கணினியை இயக்கவே விடவில்லை. நடத்தும் அம்மையாரை எல்லாரும் டீச்சர் என்றே அழைக்கிறார்கள். ஆளுக்கு ஒரு எண்பது பக்க நோட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதில் ஐந்து கட்டங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வரையச் சொன்னார். மீனாட்சியம்மன் கோயிலில் மதிலுக்குள் ஆடி வீதியும், வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றையொன்று சூழ்ந்த வீதிகளும் இருப்பதை மதுரைப் பக்கத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டீச்சர் கருவிகளை அந்த ஒழுங்கில் அடுக்குகிறார். ஆடி வீதியில் மின்னஞ்சல் கணக்கு. அது தொலைந்தால் மற்ற எல்லாமே தொலைந்துவிடும். சித்திரை வீதியில் படிப்பின் தளம். தேதிகளும் ஒப்படைப்புகளும் அங்கே இருக்கின்றன. அடுத்ததில் வீடியோவும் குறிப்புகளும், அதற்கடுத்ததில் பயிற்சி செய்யும் கருவிகள், கடைசி வீதியில் கேள்வி மன்றம், கிட்ஹப், வாட்ஸ்அப் குழுக்கள். முதல் வாரத்தில் உள்ளே இருக்கும் மூன்று வீதிகளைத் தாண்டிப் போக வேண்டாம் என்பது அவர் விதி. எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் அதன் வரவேற்பு அஞ்சலை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பும் எந்த வீதியைச் சேர்ந்தது என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலை.

கேட்பதற்கு இது எளிமையாகத் தோன்றலாம். ஆனால் பதினோரு இணைப்புகளும் ஒரே உயரத்தில் நின்று மிரட்டிய அனுபவம் உள்ளவளுக்கு, அவற்றில் மூன்று மட்டும் இன்றைக்குப் போதும் என்று யாரேனும் உறுதியாகச் சொல்வது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. ஒரு குறையும் உண்டு. எங்களோடு படித்த ராமநாதபுரத்துப் பெண் ஒருவருக்கு ஆவணி மூல வீதி எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை; அவர் கருவிகளோடு வீதிப் பெயர்களையும் சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டியதாயிற்று. மேலும், கேள்வி கேட்கும் இடத்தை வெளி வீதியில் வைத்ததில் எனக்கு உடன்பாடில்லை. திணறல் முதல் வாரத்திலேயே வருகிறது. கேட்கும் இடமும் அதற்கு அருகிலேயே இருக்க வேண்டும். இதைச் சொன்னபோது டீச்சர் மறுக்காமல் கேட்டுக்கொண்டு, அடுத்த வகுப்பிலிருந்து அதை மாசி வீதிக்கு மாற்றிப் பார்ப்பதாகச் சொன்னார்.

இந்த வகுப்பை மற்ற உதவிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இன்னொரு பழக்கம். டீச்சரோ அவருக்குத் துணையாக இருக்கும் மகனோ மாணவரின் மவுசைத் தொடுவதில்லை. இது தட்டச்சு வகுப்பிலிருந்து வந்த ஒழுக்கம் என்று நினைக்கிறேன். லோயர் தேர்வுக்குப் பழகுகிற பிள்ளையின் விரலைப் பிடித்து யாரும் அடித்துத் தர முடியாது. பக்கத்தில் நின்று, எந்த விரல் எந்தக் கட்டைக்கு என்று சொல்ல மட்டுமே முடியும். அதே முறையில் இங்கும் அவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வீட்டில் என் அக்கா மகனிடம் உதவி கேட்டால், "குடுங்க சித்தி, நான் பண்ணித் தாரேன்" என்று மவுசை வாங்கிப் பத்து நொடியில் முடித்துவிடுவான். அன்பான பிள்ளைதான், ஆனால் அவன் ஊருக்குப் போன மறுநாள் நான் பழைய இடத்திலேயே நின்றேன். பயிலகத்தில் ஒரு கோப்பை டிரைவில் ஏற்ற எனக்கு இருபது நிமிடம் ஆனது. டீச்சர் அந்த இருபது நிமிடமும் நின்றார். இப்போது அதை யோசிக்காமல் செய்கிறேன்.

இரண்டாம் மாலை முழுவதும் மின்னஞ்சல் கணக்குக்கே போயிற்று. நேரத்தை வீணாக்குகிறார்களே என்று முதலில் நினைத்த நான், பிறகு எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். கள்ளிக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞரின் கணக்கை, கல்லூரி விண்ணப்பத்துக்காக ஒரு பிரவுசிங் சென்டரில் உருவாக்கிக் கொடுத்திருந்தார்கள். கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தவர்கள், கணக்கை மீட்பதற்கான கைப்பேசி எண்ணாகக் கடையின் எண்ணையே போட்டுவிட்டார்கள். அந்தச் சீட்டைத் தொலைத்த நாளிலிருந்து ஓடிபி அந்தக் கடைக்கே போய்க்கொண்டிருந்தது. நம் பகுதியில் இது எத்தனை பேருக்கு நேர்ந்திருக்கும் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது. டீச்சர் அவருக்குப் புதிய கணக்கைத் தொடங்க வழிகாட்டி, அவருடைய சொந்த எண்ணையே அதில் இணைக்கச் செய்தார். சான்றிதழில் பெயர் எப்படி அச்சாக வேண்டுமோ, அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ, அதே எழுத்துக் கோவையில் முதலெழுத்து உட்படப் பதிய வேண்டும் என்பதையும் அன்றே வலியுறுத்தினார்.

அன்று கற்றதில் எனக்கு மிகவும் பயன்பட்டது, உலாவியில் படிப்புக்கென்று தனிப் புரொஃபைல் ஒன்றை வைத்துக்கொள்வது. எங்கள் வீட்டு மடிக்கணினியில் என் கணக்கு, மகனின் பள்ளிக் கணக்கு, கடையின் கணக்கு என்று மூன்றும் ஒரே ஜன்னலில் திறந்திருக்கும். படிப்பில் ஒரு கணக்கில் சேர்ந்துவிட்டு மற்றொரு கணக்கில் நுழைந்தால், நாம் அந்தப் படிப்பில் சேரவே இல்லை என்று தளம் சொல்லும். பகிர்ந்த கோப்பைத் திறக்க அனுமதி இல்லை என்று டிரைவ் சொல்லும். சென்ற ஆண்டு இந்த இரண்டையும் சந்தித்து, நிறுவனத்துக்கு இருமுறை புகார் அஞ்சல் அனுப்பியிருக்கிறேன். தவறு எந்த இடத்தில் இருந்தது என்று அவர்களும் சொல்லவில்லை.

அதே மாலையில் ஒரு குறையையும் கண்டேன். நான் அமர்ந்த கணினியில் முந்தைய வகுப்பு மாணவர் ஒருவரின் அஞ்சல் பெட்டி மூடப்படாமல் திறந்து கிடந்தது. பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் கணினியில் இது நேரக்கூடாது. சொன்னவுடன் டீச்சரின் மகன் எல்லாக் கணினிகளையும் சரிபார்த்து, மறுநாளிலிருந்து, மூடியதும் கணக்கு விவரம் தங்காத விருந்தினர் ஜன்னலில் மட்டுமே வேலை செய்யும்படி ஏற்பாடு செய்தார். கடவுச்சொல்லை நோட்டில் எழுதிக்கொள்ளலாம் என்ற அவர்களது அறிவுரையை நான் பாதி மனத்தோடுதான் ஏற்கிறேன். வீட்டுப் பீரோவில் இருக்கும் நோட்டு, எல்லாத் தளத்துக்கும் ஒரே கடவுச்சொல்லை வைப்பதைவிட மேலானதுதான். ஆனால் அந்த நோட்டைத் தினமும் பேருந்தில் பயிலகத்துக்கு எடுத்துவரச் சொல்வது சரியில்லை. கடவுச்சொல்லுக்குத் தனியாக ஒரு சிறு நோட்டு வைத்து அதை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

மூன்றாம், நான்காம் மாலைகளில் என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் திட்டத்தின் படிப்பு ஒன்றில் உண்மையாகவே சேர்ந்து பார்த்தோம். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003 இல் தொடங்கிய என்பிடெல், 2014 இலிருந்து சான்றிதழ்ப் படிப்புகளை நடத்துகிறது; 2017 ஜூலையில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஸ்வயம் தளத்தின் வழியாகவும் அவை வருகின்றன. இரண்டு பெயர்கள் இருப்பதாலேயே புதியவர்கள் குழம்புகிறார்கள். இணையத்தில் தேடும்போது பழைய விரிவுரைகளின் தொகுப்புப் பக்கம் கண்ணில் படுகிறது. பேராசிரியரும் அவரே, வீடியோவும் அதுவே. ஆனால் அங்கே வாரப் பயிற்சியும் இல்லை, தேர்வும் இல்லை. எங்கள் வகுப்பிலேயே ஒருவர் இரண்டு மாதம் அந்தப் பக்கத்தில் வீடியோ பார்த்துவிட்டுப் படிப்பில் சேர்ந்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருந்தார். தொகுப்பு எது, நடப்புப் பருவத்துப் படிப்பு எது என்று பிரித்தறிவதற்கே டீச்சர் அரைமணி நேரம் ஒதுக்கியது மிகவும் பொருத்தமானது.

விதிமுறைகளை அவர் விளக்கும் முறையையும் பாராட்ட வேண்டும். படிப்பில் சேர்வது இலவசம். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். முதலாவதைச் செய்தால் இரண்டாவது தானாக நடந்துவிடாது. பன்னிரண்டு வாரப் படிப்பில் சிறந்த எட்டு வாரப் பயிற்சிகளின் சராசரிக்கு 25 மதிப்பெண், நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். சான்றிதழ் பெற முன்னதில் 10, பின்னதில் 30 எடுக்க வேண்டும். கெடு முடியும்வரை ஒரு பயிற்சியை எத்தனை முறை வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம். கடைசியாக ஒப்படைத்ததையே எடுத்துக்கொள்வார்கள். இவை எல்லாம் தளத்தில் எழுதியிருப்பவைதான். ஆனால் அழுத்தினால் திரும்பப் பெற முடியாதோ என்று அஞ்சி, விடைகளைத் தேர்ந்தெடுத்த பிறகும் ஒப்படைக்கும் பொத்தானைத் தொடாமல் நள்ளிரவுவரை உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். டீச்சர் எங்களை ஒரே பயிற்சியை வேண்டுமென்றே தவறான விடைகளோடு ஒருமுறை ஒப்படைக்கச் செய்து, பிறகு திருத்தி மறுபடியும் ஒப்படைக்கச் செய்தார். அந்த அச்சம் அன்றோடு போயிற்று. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாலும் படிப்பு கெட்டுவிடாது என்ற நிம்மதி, எட்டு வாரக் கணக்கைக் கேட்டபோது எல்லாருடைய முகத்திலும் தெரிந்தது.

ஐந்தாம் மாலையின் கோலாப் பாடத்தில், என் சென்ற ஆண்டுத் தொல்லையை அவர்களே முன்கூட்டி வரவழைத்துக் காட்டினார்கள். கோப்பை நேரடியாக ஏற்றி, நிரலை ஓட்டி, இணைப்பைத் துண்டித்து, மறுபடி இணைத்து, கோப்பு மறைந்திருப்பதைக் காட்டிவிட்டு, அதன் பிறகே டிரைவை இணைக்கும் முறையைச் சொன்னார்கள். பிழைச் செய்தி வந்தால் கடைசி வரியிலிருந்து படிக்க வேண்டும் என்பதும் அன்றைய பாடம். பைத்தான் இருபது வரி சிவப்பில் எழுதினாலும், என்ன பிழை என்பது பெரும்பாலும் கடைசி வரியில்தான் இருக்கும். கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள்படும் ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர் என்ற அந்த வரியைச் சென்ற ஆண்டு நான் கண்ணால் பார்த்திருந்தும் படிக்கவில்லை.

ஆறாம் மாலை, கேள்வி கேட்பது எப்படி என்பதற்குரியது. எட்டு மாலைகளில் இதற்கே முதலிடம் தருவேன். நம்மில் பலருக்கு மன்றத்தில் எழுதுவதில் இருக்கும் தயக்கம் ஆங்கிலத்தால் மட்டும் வருவதல்ல. எல்லாருக்கும் தெரிந்ததை நாம் மட்டும் கேட்கிறோமோ என்ற கூச்சமும் அதில் உண்டு. சென்ற ஆண்டு டிஸ்கார்டில் நான் துணிந்து எழுதிய ஒரே கேள்வி, "நிரல் வேலை செய்யவில்லை, உதவுங்கள்" என்பது. இதற்கு ஏற்கெனவே பதில் இருக்கிறது, தேடிப் பாருங்கள் என்று ஒருவர் மறுமொழி எழுதினார். அதன்பின் நான் எதையும் கேட்கவில்லை. டீச்சர் கேள்வியை நான்கு வரிகளாகப் பிரிக்கிறார். நான் செய்தது இது; வர வேண்டியது இது; வந்தது இது; நான் முயன்று பார்த்தது இது. முதலில் நோட்டில் தமிழில் எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, அவருக்குப் புரிந்தால் பிறகு எளிய ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும். பிழைச் செய்தியைக் கைப்பேசியில் படம் எடுத்துப் போடாமல், எழுத்தாகவே நகலெடுத்து ஒட்ட வேண்டும். அப்போதுதான் பதில் சொல்பவர் அதை எடுத்துத் தேட முடியும், பின்னால் அதே சிக்கலோடு வருபவருக்கும் தேடும்போது கிடைக்கும்.

இந்தப் பயிற்சியில் எதிர்பாராத ஒன்று நடந்தது. நான்கு வரிகளையும் எழுதி முடிப்பதற்குள் ஆறு பேரில் மூவருக்கு விடை தாமாகவே தெரிந்துவிட்டது. வர வேண்டியது என்ன என்று எழுத உட்கார்ந்தபோதுதான், தாம் எதை எதிர்பார்த்தோம் என்பதே தெளிவாகியிருக்கவில்லை என்று அவர்கள் கண்டார்கள். இப்போது என் படிப்பில் இதுவரை நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறேன். நான்குக்கும் பதில் வந்தது. குழு அஞ்சல்கள் மிகுதியாக வரும் படிப்புகளில் முக்கிய அறிவிப்பு அவற்றினடியில் புதைந்துபோகாமல் இருக்க, அவற்றைத் தனி லேபிளுக்கு அனுப்பும் வடிகட்டியை அமைப்பதையும் அன்று கற்றோம். தேர்வுப் பதிவின் கடைசி நாளை நான் தவறவிடாமல் இருந்தது அதனால்தான்.

ஏழாம் மாலை கிட்ஹப். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கு, களஞ்சியம், கமிட், டோக்கன் என்று அனைத்தையும் ஒன்றரை மணி நேரத்தில் திணித்தார்கள்; சென்ற ஆண்டு அடிபட்ட அனுபவத்தால் எனக்கு ஓரளவு பிடிபட்டது, மற்றவர்கள் திரையைப் பார்த்து எழுதிக்கொண்டதோடு சரி. பைத்தான் தொடக்கநிலைப் படிப்புக்குச் செல்லும் எவருக்கும் இது இப்போதைக்குத் தேவையில்லை. தேவைப்படுபவர்களுக்கு இரண்டு மாலைகள் தனியாக நடத்தலாம். உள்வீதிகளைப் பழகாமல் வெளி வீதிக்குப் போகாதே என்று சொன்னவர்களே, ஏழாம் நாளில் எங்களை அங்கே அழைத்துப் போய்விட்டார்கள்.

இதைவிடப் பெரிய குறை கைப்பேசி மட்டுமே வைத்திருப்பவர்களைப் பற்றியது. எங்கள் ஆறு பேரில் இருவரிடம் கணினி இல்லை. பயிலகத்தின் மேசைக் கணினியில் நன்றாகச் செய்தவர்கள், வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் திறந்தபோது பொத்தான்கள் இடம் மாறியிருப்பதைக் கண்டு திகைத்தார்கள். வீடியோ பார்க்கவும் வாரப் பயிற்சியில் விடைகளைத் தேர்ந்தெடுக்கவும் கைப்பேசி போதும். நிரல் எழுதுவதற்கு அந்தச் சிறு திரை பெரும் சோதனை. இதற்கென்று ஒரு மாலையையாவது ஒதுக்க வேண்டும். கிட்ஹப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கலாம் என்பது என் கருத்து.

பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு அவர்கள் செய்யும் உதவி வகுப்புக் கட்டணத்தில் அடங்காதது, ஆனால் மதிப்பு வாய்ந்தது. அரசின் விலையில்லா மடிக்கணினி இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றில் விண்டோஸ் 7 இருந்தால், 2023 தொடக்கத்தில் வந்த 109 ஆம் பதிப்புக்கு மேல் குரோம் உலாவி புதுப்பிக்கப்படாது. அதனால் சில தளங்கள் அரைகுறையாகத் திறக்கும், சில திறக்கவே செய்யாது. கோளாறு தன்னிடமா கணினியிடமா என்று தெரியாமல் தவித்த ஒரு மாணவியின் கணினியில், டீச்சரின் மகன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலகுவான இயங்குதளம் ஒன்றை நிறுவிக் கொடுத்தார். இருபது நிமிடம் வட்டம் சுற்றிக்கொண்டிருந்த கணினி அன்று மாலையே கோலாபைத் திறந்தது.

வகுப்போடு தரும் 22 பக்கக் கையேடு தமிழில் இருக்கிறது, நடையும் தெளிவு. ஆனால் திரையில் சப்மிட் என்று இருப்பதைக் கையேட்டில் சமர்ப்பி என்று மட்டும் போட்டிருப்பதால், புதியவர் திரையில் சமர்ப்பி என்ற சொல்லைத் தேடுகிறார். திரையில் உள்ள சொல்லை அப்படியே தந்து, பொருளைப் பக்கத்தில் சொல்ல வேண்டும். படங்களில் இரண்டு இப்போதைய திரையோடு ஒத்துப்போகவில்லை. பொத்தான் வலது மூலையில் இருக்கிறது என்று எழுதினால் அடுத்த மாற்றத்தில் அது பொய்யாகிவிடும்; அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று எழுதினால் நெடுநாள் நிற்கும். இதை டீச்சரிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன்.

எட்டாம் மாலை ஒரு சோதனை. மூடில் என்ற இலவச மென்பொருளில் அவர்களே அமைத்த மாதிரிப் படிப்பு ஒன்றில் புதிதாக நுழைந்து, கெடு நாளைக் கண்டுபிடித்து, வீடியோவைப் பார்த்து, கோப்பை எடுத்து, பயிற்சியை ஒப்படைத்து, ஒரு கேள்வியை உரிய இடத்தில் கேட்க வேண்டும். யாரிடமும் வாய்திறந்து கேட்கக்கூடாது. மூடிலை எங்களில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. வேண்டுமென்றேதான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஐவர் முடித்தோம். கள்ளிக்குடி இளைஞர் முதலாவதாக முடித்தார். முடிக்க முடியாத ஒருவரை மறுநாளும் கட்டணமின்றி வரச் சொன்னார்கள்.

யூடியூபில் தமிழில் விளக்கும் வீடியோக்கள் இலவசமாகக் கிடைக்கும்போது ரூ. 800 எதற்கு என்று என் கணவரும் கேட்டார். அந்த வீடியோக்களில் சில மிக நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அவை வேறொருவரின் கணக்கில், வேறொருவரின் திரையில், எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது எடுக்கப்பட்டவை. என் திரையில் வேறுவிதமாக வரும்போது அவை நின்று பதில் சொல்வதில்லை. சொந்தமாகத் தட்டித் தடவிக் கற்றுக்கொள்ளும் பழக்கம் உள்ள கல்லூரி மாணவர்களுக்கு இந்த வகுப்பு தேவைப்படாது. ஒருமுறை சேர்ந்து பாதியில் விட்டவர்களுக்கும், பல ஆண்டு இடைவெளிக்குப் பின் படிக்க வருபவர்களுக்கும், முக்கியமாகத் தன் வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லாதவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன். நான் சென்ற ஆண்டு கட்டி இழந்த தொகையில் இருபதில் ஒரு பங்குகூட இந்தக் கட்டணம் இல்லை.

வகுப்பு முடிந்த பின் தொடர்ச்சியான துணை இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். உண்மையான சிக்கல்கள் மூன்றாவது வாரத்துக்கு மேல்தான் வருகின்றன. இப்போதைக்கு எங்களில் மூவர் ஞாயிற்றுக்கிழமைகளில் புதுநத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சந்தித்து, அந்த வாரப் பயிற்சிகளை ஒன்றாகப் பார்க்கிறோம். பயிலகமே மாதம் ஒருமுறை பழைய மாணவர்களைக் கூட்டினால் அதற்குத் தனிக் கட்டணம் கொடுக்கவும் அணியமாக இருக்கிறேன்.

அடுத்த வகுப்பை டிசம்பரில், என்பிடெல்லின் ஜனவரிப் பருவத்துக்கு முன்பாக நடத்த இருப்பதாகச் சொன்னார்கள். நேரம் மாலை ஆறு முதல் ஏழரை. உசிலம்பட்டி சாலையில் மாடிப்படி ஏறும்போதே தட்டச்சுப் பொறிகளின் ஓசை கேட்கும்; உள்ளே போய் இணையப் படிப்பு வகுப்பு என்று கேட்டால் போதும். எண்பது பக்க நோட்டு, உங்கள் பெயரிலேயே உள்ள சிம் போட்ட கைப்பேசி, அடையாள அட்டை ஆகியவற்றை முதல் நாளே கொண்டுசெல்லுங்கள். பழைய மடிக்கணினி இருந்தால் வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னரே கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். அதைச் சரிசெய்ய அவர்களுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும்.